எதை ஆராய்வது என்று யார் சொல்வது?
ஆஸ்திரேலியத் தானியக் குடியானவர்களும் மண்டலக் குழுக்களும்

காலையில் ரொட்டி சானாய் தின்கிறோம். மாலையில் மீ கோரெங் தின்கிறோம். இவற்றுக்கான மாவு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கேட்டேன். "கடையிலிருந்து" என்றான் ஒரு பையன். "இல்லை சார், ஆலையிலிருந்து" என்று திருத்தினாள் ஒரு பெண். இருவர் சொன்னதும் பொய்யன்று. ஆனால் ஆலைக்கு முன்னே ஒரு வயல் இருக்கிறது. மலேசிய மண்ணிலே கோதுமை விளைவதில்லை. நம் ஆலைகள் அரைக்கும் கோதுமையில் பெரும் பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வருவதாகும்.

அந்த வயலைப் பற்றியே இன்று எழுத எடுத்துக்கொண்டேன். அங்கே எவ்வளவு விளைகிறது என்பது என் பொருளன்று. அந்த வயலுக்காக நடைபெறும் ஆராய்ச்சியில், எதை முதலில் ஆராய்வது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்று முடிவு செய்யும்போது, ஏர் பிடித்தவனுடைய சொல் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதே என் பொருள்.

இது சிறிய விஷயமென்று சிலர் நினைக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். மூன்று நாள், நல்ல சாப்பாடு, திறமையான விரிவுரையாளர். திரையில் படம் காட்டிப் பாடம் நடத்துவது எப்படி என்பது பொருள். அப்போது எங்கள் தோட்டப் பள்ளியில் இரண்டு வகுப்பறைகளுக்கு மின்சாரப் பிளக் வைக்கும் இடமே கிடையாது. விரிவுரையாளர்மேல் குற்றமில்லை. பயிற்சியைத் திட்டமிட்டவர்கள் எங்களில் ஒருவரையாவது முன்கூட்டிக் கேட்டிருந்தால் அந்த மூன்று நாளில் வேறு எதையாவது கற்றுத் திரும்பியிருப்போம். கேள்வி தவறாக அமைந்துவிட்டால், எவ்வளவு அருமையான விடையும் வீணே.

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம்.

அந்நாட்டுக் கோதுமைக் குடியானவர்கள் தங்கள் ஆராய்ச்சிக்குத் தாங்களே பணம் கொடுக்கும் வழக்கம் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடு முழுமைக்கும் பொதுவாயிற்று. அன்று விதிக்கப்பட்ட வரி ஒரு புஷல் கோதுமைக்கு ஒரு பார்த்திங்; அதாவது கால் பென்னி. கேட்டால் சிரிப்பு வரும் தொகைதான். ஆனால் சிறு துளி பெரு வெள்ளமாயிற்று. குடியானவர் தந்த பணத்தைச் செலவிட ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு குழு அமைந்தது. மத்திய அரசாங்கம் தன் பங்காகத் தந்த பணத்தைக் கவனிக்க ஒரு மன்றம் அமைந்தது. பணம் கொடுப்பவனுக்கு அருகிலேயே பணத்தைப் பற்றிய பேச்சும் நடக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றே வேர்விட்டது எனலாம்.

பிறகு பயிருக்கொரு மன்றமென்று பல தோன்றின. 1989-இல் ஜான் கெரின் என்பவர் மத்திய அமைச்சராக இருந்தபோது ஒரு புதிய சட்டம் வந்தது. அதன்படி 1990-இல் தானிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி ஜி.ஆர்.டி.சி. என்று அங்கே அழைப்பார்கள். தலைமையகம் கான்பெராவில் உள்ளது. கோதுமை, பார்லி, ஓட்ஸ், சோளம், கடலை, பருப்பு வகைகள், கனோலா எனப்படும் எண்ணெய் விதை என்று 25 பயிர்கள் அதன் பொறுப்பில் வருகின்றன. கழகம் பெரும்பாலும் தானே ஆராய்ச்சி செய்வதில்லை. பல்கலைக் கழகங்கள், மாநில வேளாண்மைத் துறைகள், சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஆகியோருக்குப் பணம் தந்து செய்விக்கிறது. ஆகவே எதற்குப் பணம் தருவது என்று தீர்மானிப்பதுதான் அதன் தலையாய வேலை.

பணம் வரும் வழியைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பெரும்பாலான பயிர்களுக்கு, பண்ணை வாசலில் கிடைக்கும் நிகர விலையில் 100 டாலருக்கு 99 காசு ஆராய்ச்சி வரியாகப் பிடிக்கப்படுகிறது. தானியத்தை முதலில் வாங்குகிறவர் அதைப் பிடித்துச் செலுத்திவிடுவார். ஒருவர் 3000 டன் கோதுமை விற்று, டன்னுக்கு 300 டாலர் நிகர விலை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 9 இலட்சம் டாலர். அதில் வரி 8,910 டாலர். ஒரு குடும்பப் பண்ணைக்கு இது அற்பத் தொகையன்று. மழை பொய்த்த ஆண்டில் அவர் இந்த எண்ணை இரண்டு முறை பார்ப்பார்.

ஏன் கட்டாய வரி? விருப்பமுள்ளவர் கொடுத்தால் போதாதா? போதாது. புதிய விதையோ, களை ஒழிக்கும் முறையோ, பணம் கொடுத்தவனுடைய வேலிக்குள்ளேயே நின்றுவிடாது. பக்கத்து வயலுக்கும் தாண்டும். பக்கத்து வயல்காரன் காசு தராமலே பயனடையலாமென்றால், நாளடைவில் எவனும் தரமாட்டான். நம் நாட்டிலும் இதே நியாயத்தில்தான் 1925-இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ரப்பர்மீது விதித்த செஸ் வரியால் நடந்துவந்தது. அந்நிலையம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்துக்குள் சேர்ந்தது. எங்கள் தோட்டத்துக் கிழவர்கள் சிலருக்கு இன்றும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரத்தின் பெயர் பேரப்பிள்ளையின் பெயர்போல வாயில் வரும்.

ஆஸ்திரேலிய அரசாங்கமும் தன் பங்கைச் செலுத்துகிறது. குடியானவர் தருவதற்கு ஈடாகத் தரும். ஆனால் மொத்த விளைச்சல் மதிப்பில் நூற்றுக்கு அரைப் பங்கு என்பது அதன் எல்லை. ஊரார் அனைவரும் தின்னும் உணவில் ஊரார் பணமும் சேர்வதே முறை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மொத்தத்தில் குடியானவரின் பங்கே பெரியது. பெரிய பங்கு தருகிறவர் பேசும் உரிமையைக் கேட்பது இயல்புதானே?

இங்கேதான் மண்டலக் குழுக்கள் வருகின்றன. தானிய நிலப் பகுதியைக் கழகம் மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்சும் சேர்ந்தது வடக்கு மண்டலம். விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, தாஸ்மேனியா ஆகியவை தெற்கு. மேற்கு ஆஸ்திரேலியா தனியே மேற்கு. பிரிவினைக்குக் காரணம் அரசியலைவிட மழையும் மண்ணுமே. குயின்ஸ்லாந்துப் பக்கம் மழையில் பெரும் பகுதி கோடையில் பெய்யும். அங்குள்ள களிமண் அந்த நீரைப் பல மாதம் பிடித்துவைக்கும். ஆகவே கோடையில் சோளமும் குளிர்காலத்தில் கோதுமையும் மாறி மாறி விளையும். மேற்கிலும் தெற்கிலும் மழை குளிர்காலத்தில் வரும். மேற்கில் பெரும்பாலும் மிகப் பழைய, சத்துக் குறைந்த மணல். சில இடங்களில் மழை பெய்தால்கூட அந்த மணல் நனையாது. மெழுகு பூசினாற்போல நீர் உருண்டு ஓடும். கூண்டிவிண்டியில் கோதுமை விதைப்பவருக்கும் ஜெரால்டனில் விதைப்பவருக்கும் பயிரின் பெயர் ஒன்றே தவிரத் தொல்லை ஒன்றல்ல.

ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு குழு உண்டு. அதில் பயிரிடும் குடியானவர்கள் இருப்பார்கள். பயிர் ஆலோசகர், ஆராய்ச்சியாளர், வியாபாரத் துறையினர் இருப்பார்கள். கழகத்தின் அலுவலரும் இருப்பார். இவர்கள் தேர்தலில் வென்று வருபவர்களல்லர். விண்ணப்பம் கேட்டு, தகுதி பார்த்து நியமிக்கப்படுகிறார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் கழகத்தின் நிருவாகக் குழுவிடமே இருக்கிறது. மண்டலக் குழு யோசனை கூறும். ஆனால் வெறும் யோசனைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. எந்தத் தொல்லை உண்மையிலேயே பணத்தைத் தின்கிறது, எது காகிதத்தில் மட்டும் பெரிதாய்த் தெரிகிறது என்று நிதானிக்க வயலில் நின்றவன் வேண்டும். அதற்காகவே இக்குழுவினர் ஆண்டுதோறும் அங்கு வசந்த காலமாகிய செப்டம்பரையொட்டித் தங்கள் மண்டலத்தில் சுற்றுப் பயணம் செய்கிறார்கள். கதிர் வெளிப்படும் அந்த நேரத்தில் பயிர் தன் குறையை ஒளிக்க முடியாது.

மூன்று குழுக்கள் மட்டும் போதுமா? தானியம் விற்று வரி செலுத்துவோர் இருபதினாயிரத்துக்கும் மேல். ஆகவே 2010-களின் தொடக்கத்தில் குழுக்களுக்குக் கீழே வட்டார வலைகள் அமைக்கப்பட்டன. அவற்றைப் பிரித்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மேற்கில் துறைமுகம் பார்த்துப் பிரித்தார்கள்: ஜெரால்டன், குவினானா மேற்கு, குவினானா கிழக்கு, ஆல்பனி, எஸ்பெரன்ஸ் என ஐந்து. எந்தத் துறைமுகத்துக்கு லாரி போகிறதோ அந்த வட்டாரத்தார் ஒரே வகை மண்ணும் ஒரே வகை மழையும் உடையவர்களாகப் பெரும்பாலும் இருப்பார்கள். தெற்கிலோ மழையளவைக் கொண்டே பிரித்தார்கள்: குறைந்த மழை, நடுத்தர மழை, மிகுந்த மழை, நீர்ப்பாசனம் என நான்கு. விக்டோரியாவின் மாலிப் பகுதியில் 300 மில்லிமீட்டர் மழையை நம்பிப் பிழைப்பவருக்கு, எல்லைக் கோட்டுக்கு அப்பால் தெற்கு ஆஸ்திரேலியாவில் அதே மழையில் பிழைப்பவரே உறவினர். சொந்த மாநிலத்தில் மழை கொட்டும் தென்கரைக்காரர் அவருக்கு அந்நியர். 2021-இல் இவற்றின் தொடர்ச்சியாக நாடு முழுவதும் ஒரே அமைப்பாகத் தேசியக் குடியானவர் வலை தொடங்கப்பட்டது. ஊர்க் கூட்டங்களில் குடியானவரும் ஆலோசகரும் கூடித் தங்கள் தொல்லைகளைச் சொல்வார்கள். அவை எழுதப்பட்டு மண்டலக் குழுவரை செல்லும்.

கூட்டத்தில் சொல்லப்பட்டதெல்லாம் ஆராய்ச்சியாகிவிடுவதில்லை. சில கேள்விகளுக்கு விடை முன்பே இருக்கிறது. அது அந்த ஊருக்கு வந்து சேரவில்லை, அவ்வளவே. அதற்கு வேண்டியது ஆராய்ச்சியன்று, எடுத்துச் சொல்வது. சில ஒரே பருவத்தில் வயலிலே சோதித்துப் பார்த்துவிடக் கூடியவை. வேறு சில, விதையின் மரபையே மாற்ற வேண்டியவை. பத்தாண்டுக்குக் குறைந்து விடை வராது. இம்மூன்றையும் பிரித்தெடுப்பதுதான் குழுவின் நுட்பமான வேலை என்பது என் எண்ணம். நல்ல ஆசிரியர் மாணவன் கேட்கும் கேள்வியை இப்படித்தான் பிரிப்பார்: இது நேற்று நடத்தியது, இது நாளை நடத்தப்போவது, இது எனக்கே தெரியாதது.

எடுத்துக்காட்டு இல்லாமல் விளங்காது. எலியைப் பார்ப்போம்.

2021-இல் நியூ சவுத் வேல்சிலும் தெற்குக் குயின்ஸ்லாந்திலும் எலிகள் வெள்ளமாய்ப் பெருகின. தானியத்தை மட்டுமா? வைக்கோற்போர், வீட்டுக் கம்பி, படுக்கை ஒன்றும் தப்பவில்லை. எலிக்கு வைக்கும் மருந்து துத்தநாக பாஸ்பைடு பூசிய கோதுமை மணி. ஒரு கிலோ தானியத்தில் 25 கிராம் மருந்து. ஒரு ஹெக்டேருக்கு ஒரு கிலோ தூவ வேண்டும். மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று குடியானவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இத்தகைய புகாருக்கு எந்த நாட்டிலும் கிடைக்கும் முதல் பதில், "நீர் சரியாகத் தூவியிருக்கமாட்டீர்" என்பதே. இங்கே அந்தப் பதிலோடு விடாமல், கழகத்தின் பணத்தில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அறிஞர்கள் எலியைக் கூண்டிலே வைத்துச் சோதித்தார்கள். ஒரு மணியில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் மருந்து இருக்கும்; ஓர் எலிக்கு அதுவே போதும் என்பது பழைய நம்பிக்கை. சோதனையில் 2 மில்லிகிராம் வரை வேண்டியிருந்தது தெரிந்தது. ஒரே மணி தின்ற எலி வயிறு நொந்து பிழைத்துக்கொள்ளும். பிறகு அந்தத் தானியத்தை அது தொடாது. ஆக, பல்லாண்டாகக் குடியானவர் கண்டது கண்ணின் பிழையன்று. 2021-இல் அவசர அனுமதியின் பேரில் கிலோவுக்கு 50 கிராம் கொண்ட மருந்து வயலுக்கு வந்தது.

இதிலே மாணவர்களுக்கு ஓர் அழகான கணக்கும் இருக்கிறது. ஒரு கிலோவில் 25 கிராம், அதாவது 25,000 மில்லிகிராம். மணிக்கு ஒன்று வீதம் 25,000 மணி. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு இரண்டரை மணிதான் விழுகிறது! எலி தேடிக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு மணியும் கொல்லும் மணியாயிருக்க வேண்டியதன் அவசியம் இப்போது விளங்கும். என் வகுப்பில் இதைக் கொடுத்தபோது, "சார், அந்த அரை மணியை யார் தின்பது?" என்று கேட்டவனுக்கு முழு மதிப்பெண் தந்தேன்.

எலி ஊரறிந்த தொல்லை. அடுத்தது ஒரு மூலையில் மட்டும் உள்ள தொல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்தில் மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து வந்து குடியேறிய நத்தைகள் உண்டு. வெயில் ஏற ஏற அவை தாளின்மேல் ஏறி ஒட்டிக்கொள்ளும். அறுவடை இயந்திரம் கதிரோடு அவற்றையும் அள்ளும். சில நத்தைகள் தானிய மணியின் பருமனே இருப்பதால் சலித்தும் பிரிவதில்லை. கிடங்கில் அந்த லாரி திருப்பி அனுப்பப்படும். தலைநகரில் ஒரே குழு உட்கார்ந்து நாடு முழுமைக்கும் முக்கியம் எதுவென்று வரிசைப்படுத்தினால், இந்த நத்தை பட்டியலில் எங்கே நிற்கும்? மண்டலக் குழு இருப்பதால்தான் அது மேலே வருகிறது. அந்நத்தையின் உடலில் வளரும் ஓர் ஈயை மொராக்கோவிலிருந்து தேடிக் கொணர்ந்து சோதிக்கும் அளவுக்கு வேலை நடந்திருக்கிறது.

மூன்றாவது எடுத்துக்காட்டில் கேள்வியோடு விடையும் வயலிலிருந்தே வந்தது. ஆட்டுக்குத் தீவனமாகக் கொண்டுவரப்பட்ட ரைப்புல் கோதுமை வயலில் பெருங்களையாயிற்று. 1980-களின் தொடக்கத்திலிருந்து களைக்கொல்லி மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் பலிக்காமல் போயின. மேற்கு ஆஸ்திரேலியாவில் டார்கன் என்னும் ஊரில் ரே ஹாரிங்டன் என்ற குடியானவர் வேறு விதமாக யோசித்தார். அறுவடையின்போது ரைப்புல்லின் விதை தாளிலேயே நிற்கிறது. இயந்திரம் அதைப் பதரோடு சேர்த்து வயலிலேயே மறுபடியும் விதைக்கிறது. களையை நாமே விதைத்துவிட்டு நாமே மருந்தடிக்கிறோமே! பதர் வெளியேறும் இடத்தில் விதையை நொறுக்கினால் என்ன? சுரங்கத் தொழிலில் கல் நொறுக்கப் பயன்படும் கூண்டு ஆலையைக் கண்டு அவருக்கு வழி தோன்றியது. கழகம் பணம் தந்தது. தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக் கழகத்துப் பொறியாளர்கள் அறுவடை இயந்திரத்துக்குள்ளேயே பொருந்துமாறு அதைச் செப்பம் செய்தார்கள். அது 2016-இல் விற்பனைக்கு வந்தது. உள்ளே போகும் களை விதைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முளைக்கும் திறன் இழக்கின்றன. மருந்துக்குப் பழகிய களை, நொறுங்கப் பழகவில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டு, குடியானவர் கேட்பதையெல்லாம் ஆராய்ந்தால் போதும் என்று யாராவது முடிவு கட்டினால் நான் ஒப்பமாட்டேன். குடியானவர் கேட்பது பெரும்பாலும் இந்தப் பருவத்துத் தொல்லை. பசித்தவன் சோறு கேட்பான். பத்தாண்டு கழித்து வரும் பசியைப் பற்றிக் கேட்கமாட்டான். இன்று ஆஸ்திரேலியாவில் நீண்ட முளைக்குருத்துக் கோதுமை என்று எங்கும் பேச்சு. பசுமைப் புரட்சியில் கோதுமையைக் குட்டையாக்கிய மரபு, தாளைக் குறுக்கியதோடு மண்ணைத் துளைத்து மேலே வரும் முளையுறையையும் குறுக்கிவிட்டது. ஆழத்தில் விதைத்தால் முளை மேலே எட்டாது. மேல்மண் காய்ந்து, ஈரம் ஒரு சாண் கீழே இருக்கும் ஆண்டில் விவசாயி மழையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான். தாளை மட்டும் குட்டையாக்கி முளையைக் குறுக்காத வேறு மரபுகளைச் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அறிஞர்கள் 1990-களிலேயே தேடத் தொடங்கிவிட்டார்கள். அன்று அதை வற்புறுத்திக் கேட்ட குடியானவர் அதிகம் இருந்திருக்கமாட்டார். இலையுதிர்கால மழை நம்பமுடியாததாகி வரவே இப்போது கேட்கிறார்கள். அறிஞன் தன் போக்கில் தேடுவதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருக்காவிட்டால், கேள்வி எழும் நாளில் கையில் விதை இராது.

வேறொரு குறையும் கண்ணில் படுகிறது. கூட்டத்துக்கு வருபவர் யார்? நேரமும் ஆள் துணையும் உள்ளவர். கணவனும் மனைவியும் தவிர வேறு கையில்லாத பண்ணையிலிருந்து இருநூறு கிலோமீட்டர் காரோட்டி வருவது எளிதன்று. விதைப்பு நாளிலும் அறுவடை நாளிலும் எவராலும் வர இயலாது. குழுவில் அமர்பவரை அமர்த்துவதும் கழகமே. வரி செலுத்துவோர் வாக்களித்து அனுப்புவதில்லை. தேர்தல் வைத்தால் நன்றாகப் பேசுபவர் வருவார், நன்றாகப் பயிரிடுபவர் வருவார் என்பதற்கு உறுதியில்லை என்று அதற்குப் பதில் சொல்லலாம். எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தல்களைப் பல ஆண்டு பார்த்தவன் என்ற முறையில் அந்தப் பதிலில் ஓரளவு உண்மை இருப்பதை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் வராதவருடைய தொல்லை எழுதப்படாமலே போகிறது என்ற குறை அதனால் தீர்ந்துவிடாது.

இதற்குச் செய்யப்படும் ஒரு பரிகாரம், கூட்டத்தைக் குடியானவர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோவது. அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முன்னுள்ள பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெர்த், அடிலெய்டு போன்ற நகரங்களில் மட்டுமின்றி, வாகா வாகா, கூண்டிவிண்டி போன்ற உள்நாட்டு ஊர்களிலும் ஆராய்ச்சி முடிவுகளைச் சொல்லும் கூட்டங்கள் நடைபெறுகின்றன. மேடையில் அறிஞர் பேசுவார். கீழே இருப்பவர் தம் வயலில் அது நடக்கவில்லையே என்று எழுந்து கேட்பார். பணம் கொடுத்தவர் கேட்கும் கேள்வி என்பதால், மேடையில் இருப்பவர் பதில் சொல்லாமல் உட்கார முடியாது.